அஞ்சல் தலையும் ஏட்டுச் சுவடியும்: கள்ளக்குறிச்சி மலைநாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நூலகங்களில் பேணப்பெறும் அரிய கையெழுத்துச் சுவடிகளை அஞ்சல் தலைகளில் பொறித்து வெளியிடும் வழக்கம் உலக நாடுகள் பலவற்றிலும் உண்டு. சாக்கடற் சுருள்கள் 1947-இல் முதன்முதல் வெளிப்பட்டன. ஜோர்தான் அரசு 1965-இல் அவற்றைத் தன் அஞ்சல் தலைகளில் இடம்பெறச் செய்தது. நம் நாட்டு அஞ்சல் துறை 1994-இல் பாட்னா நகரத்துக் குதா பக்ஷ் கீழ்த்திசைப் பொது நூலகத்தின் நினைவாக ஒரு தலையை வெளியிட்டது. 2009-இல் ராம்பூர் ராசா நூலகத்திற்கென நான்கு தலைகள் வெளிவந்தன. ராம்பூர் நூலகம் 1774-இல் நவாபு ஒருவர் தம் அரண்மனையில் தொடங்கிய தொகுப்பினின்று வளர்ந்தது. வால்மீகி இராமாயணத்தின் பாரசீக மொழிபெயர்ப்பு ஒன்று, ஓவியங்களோடு அங்கே உள்ளது. இசுலாமிய அரசர் ஒருவரின் நூலகம் இராமகாதையைக் காத்துவைத்தது என்பது ஆயர்களாகிய நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

நினைவு அஞ்சல் தலை ஒருமுறையே அச்சிடப்படுவது. அன்றாடம் கடிதங்களில் ஒட்டும் பொதுத் தலைகளைப் போல அது மீண்டும் மீண்டும் அச்சேறுவதில்லை. அது வெளியாகும் நாளில் முதல் நாள் உறையும், பொருளை விளக்கும் தாளும் உடன் வெளிவரும். இரண்டு விரல் அகலமுள்ள இத்தாள் துண்டில் ஒரு நாடு தான் எதனை நினைவிற்கொள்ள விரும்புகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் நூலகத்தை எட்டியதே அஞ்சல் தலையை எட்டும். காக்கப்பெறாது அழிந்த ஓர் ஏட்டிற்கு எந்த அரசும் தலை வெளியிட இயலாது. எழுத்திலேயே ஏறாத ஒரு மக்களின் நினைவிற்கு அந்த வாய்ப்பு இன்னும் அரிது. இந்தச் செய்தியைத் தொலைவிலுள்ள ராம்பூரைக் கொண்டு ஆராய்வதினும், நம் சபைகள் பல உள்ள கள்ளக்குறிச்சி நாட்டையும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையையும் கொண்டு ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

தமிழ்ச் சுவடிகளைப் பொறுத்தவரை இரண்டு தலைகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, 1960-இல் வெளிவந்த திருவள்ளுவர் தலை. இரண்டாவது, 2006-ஆம் ஆண்டு பெப்ருவரி 18-ஆம் நாள் வெளியான டாக்டர் உ. வே. சாமிநாதையர் தலை. பின்னது ஒரு மனிதரின் நினைவாக வெளியிடப்பட்டதே. எனினும் அவருடைய வாழ்வு முழுவதும் ஏட்டோடு பிணைந்திருந்தமையால், அதனைத் தமிழ் ஏடுகளுக்கு வெளியிடப்பட்ட தலை என்று கொள்வதில் தவறில்லை. அவர் திரட்டிய சுவடிகள் 1943-இல் சென்னையில் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூலகத்தில் உள்ளன.

ஐயர் 1855-இல் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டு, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, கற்ற நூல்கள் எவை என வினவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என அடுக்கினார். முதலியார் அவற்றால் நிறைவடையாது, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். சமண நூல் ஒன்றைப் பற்றிச் சைவ மடத்து மாணவரிடம், நீதித்துறை அலுவலர் ஒருவர் கேட்ட வினா அது. அவ்வினாவே பின்னர் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், 1889-இல் பத்துப்பாட்டாகவும், 1892-இல் சிலப்பதிகாரமாகவும், 1894-இல் புறநானூறாகவும், 1898-இல் மணிமேகலையாகவும் கனிந்தது. ஐயரின் உழைப்பைப் போற்றுவோர் அவ்வினாவை எழுப்பியவரை எளிதில் மறந்துவிடுகின்றனர். அவர் சேலத்துக்காரர் என்பதும், சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே நிற்பது கல்வராயன் மலையே என்பதும் இக்கட்டுரைக்கு இயைந்த செய்திகள்.

இனி, புறநானூற்றுக்கும் கள்ளக்குறிச்சி நாட்டிற்கும் உள்ள உறவைக் காண்போம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில், தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் உள்ளது. இன்றைய வழக்கில் அது திருக்கோவிலூர். அங்கிருந்து ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. அவனுடைய மலை முள்ளூர். கபிலர் அவனைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 121 முதல் 124 வரை அமைந்துள்ளன. அவற்றுள் முதற்பாட்டு புகழ்ச்சியன்று, அறிவுரை. நான்கு திசையினின்றும் இரவலர் வருகின்றனர். அவர்களுக்குக் கொடுப்பது எளிய செயல். அவரவர் தகுதியை அறிவதே அரிது. ஆகவே புலவரை எல்லாம் ஒரே நிறையாக நோக்குவதை விட்டுவிடு என்று வள்ளலை நோக்கியே புலவர் கூறுகிறார். கொடையாளிக்குக் கொடையைப் பற்றிப் புத்தி சொல்லும் துணிவு அக்காலப் புலவர்க்கு இருந்தது. நம் பிரசங்க பீடங்களில் இத்துணிவு எந்த அளவிற்கு உள்ளது என்பது வேறோர் ஆராய்ச்சி.

அதே நூலின் 46-ஆம் பாட்டு இன்னும் உருக்கமானது. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சிறு மக்களை யானைக் காலில் இட முற்பட்டபோது கோவூர் கிழார் இடைப்புகுந்து பாடியது அது. புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ. இவர்களோ புலவரோடு பகுத்துண்டவரின் மக்கள். களிற்றைக் கண்டு தம் அழுகையை மறந்து, மன்றத்திலுள்ளோரை வெருவி நோக்கும் இளையர் என்று அவர் எடுத்துரைக்கிறார். அச்சத்தின் உச்சத்தில் குழந்தை அழுவதை நிறுத்திவிடும் என்பதைக் கண்ட அப்புலவர், அரசனின் கண்ணையும் அதன்பால் திருப்புகிறார். ஏரோதின் காலத்துப் பெத்லகேமில் இப்படி இடைப்புகுந்து பேசியவர் ஒருவரையும் திருமறை குறிப்பிடவில்லை.

இப்பாடல்கள் நம்மை எட்டியது எவ்வாறு? பனையோலை சில நூற்றாண்டுகளே நிலைக்கும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அதனினும் குறைவு. ஆதலின் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாட்டொன்று இன்று கையில் உள்ளது என்றால், தலைமுறை தலைமுறையாகப் பலர் அமர்ந்து அதனைப் புதிய ஓலைக்குப் பெயர்த்தெழுதினர் என்பது பொருள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டின் பொருள் விளங்காமலே எழுத்தெழுத்தாகப் பெயர்த்தோரும் அவர்களுள் உண்டு. பிழைகளே அதற்குச் சாட்சி. எழுதிய ஓலைக்கு விளக்குக் கரியும் இலைச்சாறும் தடவி எழுத்தை விளங்கச் செய்வர், மஞ்சள் பூசுவர், பூச்சி அணுகாதிருக்க வசம்பையும் வேப்பிலையையும் உடன் வைப்பர். இத்தனையும் செய்தும் புறநானூற்றின் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்கள் அடிகள் சிதைந்து கிடைத்தன. ஐயர் அவ்விடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்பாமல், சிதைவைச் சிதைவாகவே அச்சிட்டார். பாட ஆராய்ச்சி பயிலும் இறையியல் மாணவர் அந்நேர்மையை உணர்வர்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியன் சேர்த்து வைத்த ஏடுகள் உள்ளன எனக் கேள்வியுற்று ஐயர் அங்கே சென்றார். அவை பழுதுற்றவை என்று கருதி, சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளோர் விடை கூறினர். எரேமியாவின் 36-ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் அரசன் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்துத் தீயில் எறிந்தது வெறுப்பினால். கோயிலார் எரித்ததோ பக்தியினால். சாம்பலில் வேறுபாடில்லை. ஆனால் எருசலேமில் பாரூக்கு என்னும் எழுத்தன் இருந்தான். தீர்க்கதரிசி மீண்டும் சொல்ல, அவன் மீண்டும் எழுதினான். கரிவலம்வந்தநல்லூரில் எரிந்தவற்றை மீண்டும் சொல்லத்தக்கவர் எவரும் இல்லை.

ஓலை அழிந்தாலும் கல் சில இடங்களில் சாட்சி பகர்கிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்துத் தீப்புகுந்தார் என்ற செய்தியைக் கூறுகிறது. பெண்ணையாற்றின் நடுவே உள்ள கபிலர் குன்றை இன்றும் காணலாம். அவ்வட்டத்தைச் சார்ந்த ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளியைக் குறிக்கிறது. காரியின் கோவலூரை வென்றவன் இவ்வஞ்சியே. அசோகனின் கல்வெட்டில் பெயர் மட்டும் கண்டு, யாரெனத் துணியாதிருந்த சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதும் இதனால் தெளிவுற்றது. ஏட்டில் இருந்த அரசனைக் கல் உறுதிப்படுத்தியது. ஏடு இல்லாதிருந்தால் கல்லில் உள்ள பெயர் யாருடையது என்பதை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

திருச்சபைக்கு இவ்வரலாற்றில் பங்கு உண்டா? உண்டு, ஆனால் அது ஒருநிலைப்பட்டதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை வரைந்து ஐரோப்பாவிற்கு அனுப்பினார். திருக்குறள், சிவவாக்கியம், கொன்றைவேந்தன், உலகநீதி முதலாக நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அதில் இடம்பெற்றன. ஏடுகளை விலைக்கு வாங்கத் தம் எழுத்தரைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் அனுப்பினார். அவர் 1713-இல் எழுதிமுடித்த தென்னிந்தியக் கடவுளரின் வமிசாவளி என்னும் நூலையோ, அல்லே நகரத்துத் தலைவர் அச்சிட விரும்பவில்லை. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்களுடைய எண்ணம். அந்நூல் அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சீகன்பால்கு சேர்த்த ஏடுகளுள் பெரும்பாலானவை சிதறிப்போயின. பட்டியல் மட்டும் நிலைத்தது.

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிய இரண்டாம் சரபோசி, சுவார்ட்சு ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். காலின் மெக்கன்சி திரட்டிய ஏடுகள் முதலானவற்றைக் கொண்ட சென்னைத் தொகுப்பிற்கு 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளில் விளக்க அட்டவணை அமைத்தவர் வில்லியம் டெய்லர் என்னும் குருவானவர். ஐயருக்கு முன்பே பழந்தமிழ் நூல்களை அச்சிற் கொணரத் தொடங்கிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷன் செமினரியில் பயின்றவர். சைவராக நின்று நூல் பதிப்பித்தவர். அவர் மகனாகிய பிரான்சிசு கிங்சுபரியோ கிறித்தவப் போதகராகி, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் கற்பித்து, சைவ அடியாரின் பாடல்களை 1921-இல் பிலிப்சு என்பாரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தவர். தந்தையும் மகனும் சமயத்தால் பிரிந்து ஏட்டால் இணைந்த இக்குடும்பத்தின் வரலாறு தனியே எழுதப்பெற வேண்டியது.

அஞ்சல் துறையும் அருட்பணியாளரை மறக்கவில்லை. வில்லியம் கேரிக்கு 1993-இலும், கால்டுவெல் அத்தியட்சருக்கு 2010-இலும் தலைகள் வெளிவந்தன. இருவரும் மொழிக்குச் செய்த தொண்டினாலேயே நாட்டின் நினைவில் இடம்பெற்றனர். இதில் நாம் மகிழலாம். ஆனால் கபிலர் காரிக்குக் கூறிய அறிவுரையை இங்கே நினைவுகூர வேண்டும். புகழ் பெற்றோரைப் போற்றுவது எளிது. யாருடைய எழுத்து இன்னும் காக்கப்பெறாமல் கிடக்கிறது என அறிவதே அரிது.

தென்னாற்காட்டில் 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கத்தின் பணி தொடங்கியது. சாதி பற்றிய பூசலில் லைப்சிக்கு மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்சு அதற்கு வித்திட்டார். திருக்கோவலூர் அச்சங்கத்தின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அப்பணியின் கனி. பிற்காலத்தில் தமிழ்த் திருமறையின் திருத்தப் பணிக்குத் தலைமை தாங்கிய லார்சன், அச்சங்கத்தின் வழியே 1889-இல் தமிழகம் வந்தவர். கபிலர் குன்றைக் கண்ணெதிரே கொண்ட நிலையத்து அருட்பணியாளர், முப்பது ஆண்டுகள் கழித்து 1894-இல் புறநானூறு அச்சாகும் வரை, அக்குன்றின் பெயர்க்குரிய புலவர் தம் ஊரரசனைப் பாடியவற்றை அச்சில் படித்திருக்க இயலாது. இதில் அவர்மீது குற்றமில்லை. அன்று தமிழரிலும் மிகச் சிலரே அதனை அறிந்திருந்தனர்.

மலைமேல் நிலை வேறு. கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களுக்கு உறவில்லை. மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள் என்பர். இவர்களுடைய முன்னோர் காஞ்சியினின்று கரிராமன் என்னும் தெய்வத்தைச் சுமந்து வந்த உடன்பிறந்தார் என்னும் மரபுக் கதையை, 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் பதிவு செய்துள்ளது. அக்கதை எந்த ஓலையினின்றும் எடுக்கப்பட்டதன்று; வாய்மொழியாய் வந்தது. மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. ஜாகீர் முறையை ஒழிக்க 1963-இல் அரசு முற்பட்டும், 1976-இல்தான் மலை முழுமையாக அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரே ஓர் உழவன் தன் நிலத்திற்கு அரசு ஏட்டில் பெயரைத் தேடத் தொடங்கினான்.

ஐயருக்கு அஞ்சல் தலை வெளியான அதே 2006-ஆம் ஆண்டின் இறுதியில் வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2005-ஆம் ஆண்டு திசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்பே தாம் அந்நிலத்தில் இருந்ததைப் பழங்குடியினர் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் தேவை. 2008-இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விதிகள், உரிமை கோருவோர் அல்லாத ஊர் மூத்தோரின் கூற்றை எழுத்தில் வடித்தால் அதுவும் சான்றுகளுள் ஒன்றாகும் என்கின்றன. மூத்தோர் வாய்ச்சொல் தாளில் ஏறும்போது அது நிலமாகிறது. ஏறாமல் அவர் மறைந்தால், கரிவலம்வந்தநல்லூர் ஏடுகளின் கதியே அதற்கும். மலையாளி மக்களின் பாட்டும் கதையும் மட்டுமல்ல, இந்த ஓடைக்கு அப்பால் என் பாட்டன் சாமை விதைத்தான் என்னும் ஒரு வரியும் காக்கத்தக்க சுவடியே.

இவ்விடத்தில் சபைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிஷன் சபைகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளில் பெயர், முந்தைய பெயர், பெற்றோர், ஊர், தொழில், நாள் என்னும் கட்டங்கள் உண்டு. அரசு ஏடுகளில் இடம்பெறாத கூலியாளரும் விதவையரும் அக்கட்டங்களில் பெயரோடும் ஊரோடும் நிற்கின்றனர். புறநானூற்றில் மன்னரும் புலவரும் பெயர் பெற்றனர். ஏட்டைப் பெயர்த்தவர் பெயர் பெறவில்லை. நம் பதிவேட்டிலோ கடைசி மனிதனுக்கும் ஒரு வரி உண்டு. ஆயினும் நாம் பல போதகர் இல்லங்களில் கண்ட காட்சி மனத்திற்கு இதமானதன்று. மழைநீர் ஒழுகும் பண்டசாலையில், உடைந்த ஆர்மோனியத்தின் அடியில், கரையான் தின்ற பதிவேடுகள் கிடக்கின்றன. புதிய போதகர் வருகையில் பழையவை கழிவுத் தாளாக எடைக்குப் போனதும் உண்டு. திரோவாவில் கார்ப்பு என்பவரிடத்தில் விட்டுவந்த புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவருமாறு பவுல் சிறையிலிருந்து கேட்டு எழுதியதை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். கார்ப்பின் வீட்டில் அவை பத்திரமாக இருந்தன என்ற நம்பிக்கையோடுதான் அவர் எழுதினார்.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், வெள்ளிமலை ஆகிய பகுதிகளுக்குப் பணிக்குச் செல்லும் இளம் ஆயர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பழைய பதிவேட்டைத் தரையினின்று உயர்த்தி, சுவரை ஒட்டாது, இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் இடலாம். தாளின்மேல் நேரே இடலாகாது. கிழிந்த பக்கத்தைப் பசைநாடா கொண்டு ஒட்டுவது தவறு. அது சில ஆண்டுகளில் எழுத்தையும் உடன் பெயர்த்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியிலாவது படம் பிடித்து, ஒரு படியை மறைமாவட்ட அலுவலகத்திலும் மற்றொன்றை இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்திலும் சேர்ப்பது நன்று. இடையில் சில ஆண்டுகளின் பதிவு காணாதிருந்தால், சபை மூத்தோரைக் கேட்டு எழுத வேண்டும். ஆனால் அதனைப் பழைய பதிவேட்டிலே எழுதலாகாது. தனிக் குறிப்பேட்டில், சொன்னவர் பெயர், அவர் வயது, சொன்ன நாள், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றோடு அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, அவருடைய கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெற்றுக்கொள்ள வேண்டும். மலையூர்களில் கிறித்தவர் அல்லாத மூத்தோரிடமும் இவ்வாறே கேட்டு எழுதலாம். எழுதிய படியொன்றை அவ்வூர்க் கிராம சபையாரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும்.